மின்விசிறிக்குக் கீழே ஒரு காலி நாற்காலி

திருடு போனது ஒன்றுமில்லை. அண்ணிக்கு அதுதான் பிடித்திருந்தது.

பீரோ உடையவில்லை. பூட்டு நெளியவில்லை. பொய் சொன்னது இரண்டே இரண்டு காகிதங்கள். அவை இரண்டும் லேப் ஓனரம்மாவின் மேஜைமேல், தப்பை ஒப்புக்கொள்ளாத பிள்ளைகளைப் போல விறைப்பாகக் கிடந்தன.

"மொதல்ல ஒரு பஸ் டிரைவர்," என்றார் ஓனரம்மா. "தைராய்டு டெஸ்ட். எங்க ரிப்போர்ட்டுல தைராய்டு தறிகெட்டு ஓடுதுன்னு வந்துச்சு. அவரை பஸ்ஸை விட்டு இறக்கி வீட்டுல உக்கார வெச்சுட்டாங்க. எதிர்த்த லேப்புல போய்ப் பார்த்தா எல்லாம் நார்மல். அடுத்த வாரம் ஒரு துணிக்கடை மேனேஜர். அதே கதை. இங்க நோயாளி, ரோட்டைத் தாண்டினா ஆரோக்கியசாலி."

"பேசாம நடுரோட்டுல நின்னுட்டா பாதி நோயோட போயிடும்," என்றான் வாலு.

ஓனரம்மா சிரிக்கவில்லை. அண்ணி மேஜைக்கு அடியில் அவன் காலை மிதித்தார்.

அண்ணி பதினாறு வருடம் ஒரு இன்ஷூரன்ஸ் கம்பெனியில் பொய்க் கணக்குகளைப் பிடிக்கும் வேலையில் இருந்தவர். எரியாத கடைக்கு நெருப்பு இழப்பீடு கேட்டவர்களையும், உயிரோடு இருந்துகொண்டே செத்துப்போனவர்களையும் பார்த்துப் பழகிய கண். வேலையை விட்டுவிட்டுத் துப்பறியும் ஆபீஸ் திறந்தபோது, கணவரின் தம்பி தானாகவே வந்து ஒட்டிக்கொண்டான். அவன் 'அண்ணி, அண்ணி' என்று கூப்பிடுவதைக் கேட்டு வந்தவர்களும் அப்படியே கூப்பிட, அதுவே தொழில் பெயராகிவிட்டது. அவனுக்கு வாலு என்ற பெயர் வந்ததற்குக் காரணம் அவன் நாக்கு. வயது முப்பத்துமூன்று. தலைமுடியோடு ஐந்து வருடம் போராடித் தோற்று, மிச்சமிருந்ததையும் மழித்துவிட்டுப் பளபளவென்று நிம்மதியாக இருப்பவன்.

"ரெண்டு பேருக்கும் ரத்தம் எடுத்தது, மெஷின்ல வெச்சது எல்லாம் அந்த டெக்னீஷியன் பொண்ணுதான்," என்று தொடர்ந்தார் ஓனரம்மா. "ஆறு வருஷமா என்கூட இருந்தவ. எதிர்த்த லேப்காரன் அவளை விலைக்கு வாங்கிட்டான். பத்து நாளைக்கு முன்னாடி வெளிய அனுப்பிட்டேன். நாளைக்குக் காலைல போலீஸ்ல எழுதிக் கொடுக்கப் போறேன். அதுக்குள்ள எனக்கு ஒரு ஆதாரம் வேணும்."

"ஆதாரம் வேணுமா, உண்மை வேணுமா?" என்று கேட்டார் அண்ணி.

"ரெண்டும் ஒண்ணுதானே?"

"சில சமயம்."

மாடிப்படியிலிருந்து தட்டில் மூன்று டீ இறங்கி வந்தது. கொண்டுவந்தவர் ஓனரம்மாவின் கணவர். சோப்பு கம்பெனியில் விற்பனை வேலை பார்த்து ஓய்வுபெற்றவர். சட்டையில் ஒரு சுருக்கமில்லை, படிய வாரிய தலையில் ஒரு கலைச்சலில்லை.

"பாவங்க அந்தப் பொண்ணு," என்றார் டீயை வைத்துக்கொண்டே. "போன அன்னிக்கு நான்தான் அவ பையைத் தூக்கிட்டு வாசல் வரைக்கும் போனேன்."

"உங்களுக்கு எல்லாருமே பாவம்தான். மேல போய் டிவி பாருங்க," என்றார் ஓனரம்மா. அவர் மறுபேச்சில்லாமல் மேலே போனார்.

"அவ போனதுக்கப்புறம் தப்பு நின்னுடுச்சா?" அண்ணி கேட்டார்.

"சுத்தமா நின்னுடுச்சு. முந்தாநாள்கூட ஒரு தைராய்டு கேஸ். எங்க தெருப் பள்ளிக்கூடத்துல கணக்கு சொல்லிக்கொடுக்கற வாத்தியார். நானே ரத்தம் எடுத்தேன், நானே மெஷின்ல வெச்சேன். தைராய்டு எக்கச்சக்கம். டாக்டர் மாத்திரை எழுதிட்டார். நாளைக்குக் காலைலேருந்து ஆரம்பிக்கிறார், பாவம்."

"அவரும் எதிர்த்த லேப்புல பார்த்தாரா?"

"எதுக்கு? அதுதான் நானே எடுத்தேன்னு சொல்றேனே!"

"அதாவது, அவ எடுத்தா சதி, நீங்க எடுத்தா நோய்," என்றான் வாலு.

இந்த முறை அண்ணி அவன் காலை மிதிக்கவில்லை.

காத்திருக்கும் அறையில் ஒரு கேமரா இருந்தது. அந்த மூன்று நாட்களின் பதிவையும் அண்ணி கேட்டு வாங்கிப் பார்த்தார். ஆறு நாற்காலி, ஒரே ஒரு மின்விசிறி. ஏசி செத்துப் பல மாதம். வெளியே வெயில் தார் உருக்கிக்கொண்டிருந்த நாட்கள் அவை. மின்விசிறிக்கு நேர் கீழே இருந்த நாற்காலிக்கு ஒரு சின்ன யுத்தமே நடந்தது. ஒருவர் எழுந்தால் இருவர் பாய்ந்தார்கள். கையில் குழந்தையோடு வந்த ஒரு அம்மா, முதலில் தன் பையை எறிந்து இடம் பிடித்தார்.

டிரைவர் உள்ளே வந்தார். சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. அந்த நாற்காலி அப்போதுதான் காலியானது. அவர் அதைப் பார்த்தார். நிமிர்ந்து மின்விசிறியைப் பார்த்தார். போய் மூலையில் சுவரோரமாக நின்றுகொண்டார்.

"வேர்த்து ஊத்துது, ஆனா காத்து வேண்டாம்," என்று முணுமுணுத்தார் அண்ணி. "அடுத்தது போடு."

துணிக்கடை மேனேஜர். நாற்காலி காலி. பக்கத்தில் இருந்தவர் கைகாட்டி 'உக்காருங்க' என்கிறார். மேனேஜர் தலையை அசைக்கிறார், அதுவும் மெதுவாக, தலையில் தண்ணீர்க் குடம் இருப்பவரைப் போல.

வாலுவுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது.

"அண்ணி, இது போலீஸ் கேஸ் இல்ல. சீப்பு கேஸ்."

"என்னடா சொல்ற?"

"இடது காது பக்கம் முடியை வளர்த்து, அப்படியே உச்சந்தலை வழியா இழுத்து வலது காதுகிட்ட இறக்குவாங்க. பாலம் கட்டுற மாதிரி. அந்தப் பாலத்துக்கு ஒரே எதிரி ஃபேன். அஞ்சு வருஷம் நானும் அப்படித்தான் வாழ்ந்தேன். எந்தக் கல்யாணத்துக்குப் போனாலும் மொதல்ல பொண்ணு மாப்பிள்ளையைப் பார்க்க மாட்டேன், ஃபேன் எங்க இருக்குன்னுதான் பார்ப்பேன்."

அண்ணி நிமிர்ந்து உட்கார்ந்தார். "வாத்தியாரைக் காட்டு."

கணக்கு வாத்தியார் திரையில் வந்தார். காலி நாற்காலியைச் சுற்றிக்கொண்டு போய்க் கடைசி மூலையில் உட்கார்ந்தார். வாசல் கதவு திறந்து காற்று வீசியபோது, யாருக்கோ வணக்கம் வைப்பதுபோல் கையைத் தூக்கித் தலையில் வைத்துக்கொண்டார்.

"அவருக்குக் காத்து ஒத்துக்காதாயிருக்கும்," என்றார் ஓனரம்மா. "நீங்க மொட்டைத் தலைக்கும் முழங்காலுக்கும் முடிச்சுப் போடுறீங்க."

வாலு தன் தலையைத் தடவி, குனிந்து முழங்காலையும் ஒருமுறை பார்த்துக்கொண்டான்.

"மூணு பேரும் காத்துக்குப் பயந்தவங்க. மூணு பேருக்கும் ஒரே மாதிரி ரிப்போர்ட்," என்றார் அண்ணி. "ரெண்டு தப்புன்னா மூணாவதும் தப்பா இருக்கலாம். யாரோ மெஷினைக் கெடுத்திருந்தா அன்னிக்கு வந்த எல்லாருக்கும் கெட்டிருக்கணும். இங்க தப்பு மெஷின்ல இல்ல, ஆளோட வந்திருக்கு. அவங்க எழுதிக் கொடுத்த ஃபாரம் இருக்கா?"

இருந்தது. 'வேறு மருந்து ஏதாவது சாப்பிடுகிறீர்களா?' என்ற கேள்விக்கு மூவரும் 'இல்லை' என்று எழுதியிருந்தார்கள். வாத்தியார் அதன் அடியில் இரண்டு கோடு வேறு போட்டிருந்தார்.

"இல்லைங்கறதுக்கு ஒரு கோடு போதும்," என்றார் அண்ணி. "ரெண்டு கோடு போட்டா ஏதோ இருக்குன்னு அர்த்தம்."

*

வாத்தியார் வீட்டில் சாப்பாட்டு மேஜை முழுக்கப் பாடக் குறிப்புகள். தனக்குப் பதிலாக வரப்போகிறவருக்காக எழுதிக்கொண்டிருந்தார். சமையலறையில் அவர் மனைவி ஏதோ நறுக்கும் சத்தம், நடுநடுவே மூக்கை உறிஞ்சும் சத்தம்.

"மூணு மாசம் லீவு போட்டுட்டேன்," என்றார் வாத்தியார். "நெஞ்சு படபடன்னு வருது. கை நடுங்குது."

"எப்போலேருந்து சார்?"

"முந்தாநாள் சாயங்காலம் ரிப்போர்ட் வந்ததிலேருந்து."

"அதுக்கு முன்னாடி?"

அவர் யோசித்தார். கணக்குப் போடுகிறவர்களுக்குப் பொய் சொல்ல வராது. "அதுக்கு முன்னாடி நல்லாத்தான் இருந்தேன்."

"அப்புறம் எதுக்கு சார் தைராய்டு டெஸ்ட் பண்ணீங்க?"

வாத்தியார் சமையலறைப் பக்கம் பார்த்தார். பாடக் குறிப்புகளை அடுக்கத் தொடங்கினார். வாலு நாற்காலியை அவர் பக்கத்தில் இழுத்துப் போட்டு, தன் தலையை அவர் பார்வைக்கு நேராகக் குனிந்து காட்டினான்.

"சார், நம்ம ஜாதகம் ஒண்ணு. நான் கரை சேர்ந்துட்டேன், நீங்க இன்னும் நீந்திட்டிருக்கீங்க. சும்மா சொல்லுங்க."

அணை உடைந்தது. குரல் மட்டும் தாழ்ந்தே இருந்தது. "முடி கொட்டுதுன்னு டாக்டர்கிட்ட போனேன்பா. தைராய்டால கூடக் கொட்டும், பார்த்துடுங்கன்னார்."

"முடிக்கு என்ன சாப்பிடுறீங்க?"

"மருந்து ஒண்ணும் இல்லை."

"மருந்து இல்லாம?"

"வைட்டமின்," என்றார் வாத்தியார். "பஸ் ஸ்டாண்டு பக்கத்துல சலூன்காரர் கொடுக்கறார். காலைல ஒண்ணு, ராத்திரி ஒண்ணு. ஃபாரத்துல மருந்துன்னுதான் கேட்டிருந்தாங்க. வைட்டமின் எப்படி மருந்தாகும்? அது சாப்பாட்டு வகை. கேள்விக்குச் சரியான பதில்தான் எழுதியிருக்கேன்."

"ரெண்டு கோடு போட்டு," என்றார் அண்ணி.

வாத்தியார் முகம் சிவந்தது. "வைட்டமின்னா உடம்புக்கு நல்லதுதானேம்மா? அது இல்லாட்டி கண்ணு மங்கும், எலும்பு வளையும், ஈறுல ரத்தம் வரும்னு நானே பசங்களுக்குச் சொல்லியிருக்கேன். கொஞ்சம் நல்லதுன்னா நிறைய இன்னும் நல்லது."

"உப்பும் நல்லதுதான் சார். நாளைக்கு ஒரு கைப்பிடி அள்ளிப் போடச் சொல்லுங்க."

கிளம்பும்போது அண்ணி வாசலில் நின்று திரும்பினார். "நாளைக்குக் காலைல அந்தப் புது மாத்திரையைத் தொடறதுக்கு முன்னாடி எனக்கு ஒரு போன் பண்ணுங்க. டாக்டர்கிட்ட நானும் பேசணும்."

*

சலூன்காரர் வாலுவின் தலையைச் சுற்றி ஒரு முறை நடந்து வந்தார். நிலம் வாங்கப் போகிறவரைப் போல அங்கங்கே தட்டிப் பார்த்தார்.

"மண்ணு நல்ல மண்ணுதான் தம்பி. விதைதான் தூங்குது."

"அலாரம் வெச்சா எழுந்துக்குமா?"

"அதுக்குத்தான் ஒண்ணு வெச்சிருக்கேன்." கண்ணாடிக்குப் பின்னாலிருந்து ஒரு பொட்டலத்தை எடுத்தார். சின்ன பிளாஸ்டிக் கவர். உள்ளே முப்பது வெள்ளை மாத்திரைகள். "பயோட்டின். வைட்டமின் பி குடும்பம். ஒரு மாத்திரையில பத்தாயிரம் மைக்ரோகிராம்! சும்மாவா?"

"உடம்புக்கு ஒரு நாளைக்கு எவ்வளவு வேணும்?" என்று அண்ணி கேட்டார்.

"அது... முப்பதோ என்னவோன்னாங்க."

"முப்பதாயிரமா?"

"வெறும் முப்பது."

வாலு மனக்கணக்குப் போட்டு விசிலடித்தான். "ஒரு மாத்திரை ஒரு வருஷத்து ரேஷன். காலைல ஒரு வருஷம், ராத்திரி ஒரு வருஷம். இதைச் சாப்பிட்டா முடி வளருதோ இல்லையோ, வயசு ஏறிடும் போலிருக்கே."

அண்ணி கவரைத் திருப்பிப் பார்த்தார். மேலே வெள்ளைப் பட்டையில் மூன்று வரி அச்சாகியிருந்தது. யாரோ நீல மையில் நிரப்பியிருந்தார்கள்.

பெயர்: கேசவிருத்தி.
வயது: எல்லா வயதும்.
எடுத்த நேரம்: காலை 1, இரவு 1.

வாலு எட்டிப் பார்த்தான். கண்கள் விரிந்தன. அண்ணியின் காதில் கிசுகிசுத்தான். "அண்ணி, இது லேப்ல ரத்தக் குழாயைப் போட்டு வைக்கிற கவர்! எடுத்த நேரம்னா ரத்தம் எடுத்த நேரம்! அப்ப அந்தப் பொண்ணுதான். ஒரு பக்கம் மாத்திரை விக்கிறா, இன்னொரு பக்கம் ரிப்போர்ட்டைக் கெடுக்கிறா!"

அண்ணி கவரை ஒருமுறை முகர்ந்து பார்த்தார். சலூன்காரரிடம் திரும்பினார். "பழைய சரக்கா இருந்தா வேண்டாம்ணே."

"ஐயோ, நேத்து சாயங்காலம் வந்தது! பாருங்க, மடிப்புகூடக் கலையல."

"யார் கொண்டுவந்து கொடுக்கறாங்க?"

"அதைச் சொல்லமாட்டேன்னு சத்தியம் பண்ணியிருக்கேன்."

"ஆம்பளையா பொம்பளையா?"

"சத்தியத்துல அதுவும் சேர்த்திதாங்க." கத்தரிக்கோலை மார்பில் வைத்துக் காட்டினார். "நாப்பது பேர் என்னை நம்பி வாங்கறாங்க. நாப்பது பேர் பேரும் இந்தக் கத்தரிக்குத் தெரியும். ஒண்ணாவது வெளிய வந்திருக்கா?"

காசு கொடுத்துப் பொட்டலத்தை வாங்கிக்கொண்டு வெளியே வந்ததும் அண்ணி சொன்னார். "அந்தப் பொண்ணு போய்ப் பத்து நாளாச்சு. கவர் நேத்து வந்திருக்கு."

வாலு விரல்விட்டு எண்ணிப் பார்த்தான். "தப்பு என் மேலதான்," என்றான். அவன் வாழ்க்கையில் அது அபூர்வமான சம்பவம்.

*

டெக்னீஷியன் பெண் ஒரு தையல் கடையின் மாடியில் குடியிருந்தாள். கீழே மெஷின்கள் ஓட ஓடத் தரை அதிர்ந்துகொண்டேயிருந்தது. மேஜையில் பாதி எழுதிய வேலை விண்ணப்பங்கள். 'முந்தைய வேலையை விட்ட காரணம்' என்ற இடம் எல்லாவற்றிலும் காலியாக இருந்தது.

"யாரும் என்னை ஒரு வார்த்தை கேட்கலை," என்றாள். "நேரா சாவியை வெச்சுட்டுப் போன்னுட்டாங்க. ஆறு வருஷத்துல ஒரு குழாய் மாத்தி வெச்சதில்லைங்க நான்."

"நான் ஒண்ணு கேக்கறேன்," என்றார் அண்ணி. "பயோட்டின்."

அவள் எழுந்து நின்றுவிட்டாள். விண்ணப்பங்கள் கீழே சரிந்தன.

"அவங்க பயோட்டின் சாப்பிட்டாங்களா? எவ்வளவு?"

"ஒரு நாளைக்கு இருபதாயிரம்."

"கேட்டேனே!" என்று நெற்றியில் அடித்துக்கொண்டாள். "டிரைவரைக் கேட்டேன், மேனேஜரைக் கேட்டேன். ஏதாவது சாப்பிடுறீங்களா சார்னு. ரெண்டு பேரும் என் தலைக்கு மேல எங்கேயோ பார்த்துட்டு இல்லைன்னாங்க!"

"மெஷின் ஏன் ஏமாறுது? எனக்குப் புரியற மாதிரி சொல்லு."

"எங்க மெஷினுக்குள்ளயே பயோட்டின் இருக்கும்க்கா. அதைத்தான் பசை மாதிரி வெச்சு, அளக்க வேண்டியதைப் பிடிச்சு உக்கார வைக்கும். பஸ்ஸுல துண்டு போட்டு சீட் பிடிக்கிற மாதிரி வெச்சுக்கங்க. வர்ற ரத்தத்துலயே ஏகப்பட்ட பயோட்டின் இருந்தா, அது மொதல்ல ஏறி எல்லா சீட்டுலயும் உக்காந்துடும். நாம எண்ண வேண்டிய ஆளுங்க வெளிய நிப்பாங்க. மெஷின் உள்ள இருக்கற தலையை எண்ணிட்டுத் தப்பாச் சொல்லும். ஒரு டெஸ்ட்டுல ரொம்பக் கம்மியா வரும், தலைகீழாக் கணக்குப் போடற இன்னொண்ணுல ரொம்ப அதிகமா வரும். ரெண்டையும் சேர்த்து வெச்சா, தைராய்டு நோய் அப்படியே அச்சு அசலா இருக்கும். மெஷினோட புத்தகத்துல கடைசிப் பக்கத்துல பொடி எழுத்துல போட்டிருக்கு."

"எதிர்த்த லேப்புல?"

"அவங்க மெஷின் வேற கம்பெனி. அதுல இந்தப் பசை வேலை கிடையாது."

"நாப்பது பேர் சாப்பிடறாங்க, மூணு பேர்தானே மாட்டினாங்க?" என்றான் வாலு.

"சர்க்கரை, கொழுப்பு பார்க்க வர்றவங்களுக்கு ஒண்ணும் ஆகாது. தைராய்டு பார்த்தவங்கதான் மாட்டியிருப்பாங்க." அவள் மெதுவாக உட்கார்ந்தாள். "அப்ப யாரும் சதி பண்ணலையா?"

"இல்ல. ஆனா ஒருத்தர் பொட்டலம் கட்டியிருக்கார்," என்றார் அண்ணி. "கிளம்பு, லேப்புக்குப் போகலாம்."

"மேடம் என்னை உள்ள விடமாட்டாங்க."

"விடுவாங்க. ரத்தம் எடுக்க ஆள் வேணும்."

*

சாயங்காலம் ஐந்து மணி. கடைசி ஆளும் போய், காத்திருக்கும் அறை காலியாக இருந்தது. டெக்னீஷியனைப் பார்த்ததும் ஓனரம்மா எழுந்தார். "இவளை எதுக்குக் கூட்டிட்டு வந்தீங்க?"

"அஞ்சு நிமிஷம்," என்றார் அண்ணி. "உங்க வீட்டுக்காரரையும் கொஞ்சம் கூப்பிடுங்க."

அவர் கீழே வந்தார். டெக்னீஷியனைப் பார்த்து முகம் மலர்ந்து, "வாம்மா, நல்லாயிருக்கியா?" என்றார்.

"உக்காருங்க சார்." அண்ணி மின்விசிறிக்குக் கீழே இருந்த நாற்காலியைக் காட்டினார். அதே நேரத்தில் வாலு ரெகுலேட்டரை ஐந்துக்குத் திருப்பினான்.

அவர் நாற்காலியைப் பார்த்தார். நிமிர்ந்து மின்விசிறியைப் பார்த்தார். "நான் நின்னுக்கறேன். ஜலதோஷம்."

"காலைல நல்லாத்தானே இருந்தீங்க?" என்றார் ஓனரம்மா கள்ளமில்லாமல். "பெரியவங்க நிக்கிறது நல்லாவா இருக்கு? உக்காருங்க!" தோளைப் பிடித்து அழுத்தி உட்கார வைத்தார்.

காற்று தன் வேலையைச் செய்தது. படிய வாரிய தலைமுடி முழுவதும் ஒரே துண்டாக, பெட்டியின் மூடி திறப்பதுபோல, இடது காதைக் கீலாகக் கொண்டு எழுந்து நின்றது. அவர் இரண்டு கைகளாலும் அதைப் பிடித்து மூடினார்.

அண்ணி நீல மையில் எழுதிய கவரை ஓனரம்மாவின் கையில் வைத்தார். "இது யார் கையெழுத்து?"

ஓனரம்மா படித்தார். ஒருமுறை, இரண்டுமுறை. முப்பது வருடமாக வீட்டுச் சாமான் பட்டியல் எழுதிய கையெழுத்தை அவருக்குத் தெரியாதா?

"கேசவிருத்தி," என்றார் மெல்ல. "நீங்களா?"

"மொதல்ல எனக்காகத்தான் வாங்கினேன்," என்றார் கணவர், கைகளைத் தலையிலிருந்து எடுக்காமலே. "மொத்தமா வாங்கினா மலிவுன்னாங்க. சலூன்ல நாலு பேர் கேட்டாங்க. விக்கிற கை சும்மா இருக்குமா? ரிட்டயர் ஆனதுலேருந்து யாரும் என்கிட்ட எதுவும் கேட்டு வாங்கினதே இல்லைம்மா. கவர் இங்க நிறைய கிடந்துச்சு, எடுத்துக்கிட்டேன்."

"என்கிட்ட ஏன் சொல்லலை?"

"நீ சிரிப்பேன்னுதான். வைட்டமின்தானே, யாருக்கு என்ன கெடுதல்னு நினைச்சேன்."

அண்ணி நடந்ததைச் சொன்னார். பசை, பஸ் சீட், பொடி எழுத்து எல்லாம். ஓனரம்மா தலையை ஆட்டிக்கொண்டேயிருந்தார். "இருக்காது. வாத்தியாருக்கு நானே எடுத்தது. என் மெஷின் ஏமாறாது."

டெக்னீஷியன் கையுறையை மாட்டிக்கொண்டாள். "சார், இன்னிக்கு மாத்திரை போட்டீங்களா?"

"காலைல போட்டேன்மா."

"கையை நீட்டுங்க."

ஒரே கை, ஒரே ஊசி, இரண்டு குழாய். ஒன்று மெஷினுக்குள் போனது. பதினெட்டு நிமிடம் ஆனது. காகிதம் வெளியே வந்தபோது ஓனரம்மாவே எடுத்துப் படித்தார். அந்தக் காகிதத்தின்படி அவர் கணவருக்கு முற்றிய தைராய்டு நோய்.

இரண்டாவது குழாயை ஓனரம்மா யாரிடமும் கொடுக்கவில்லை. தானே கையில் எடுத்துக்கொண்டு வெளியே போனார். ஒன்பது வருடத்தில் முதல்முறையாக அந்த ரோட்டைக் கடந்து, எதிர் லேப்பின் கதவைத் தள்ளினார். ஜன்னல் வழியே பார்த்துக்கொண்டிருந்த வாலுவுக்குக்கூட அப்போது கேலி செய்யத் தோன்றவில்லை.

ஒரு மணி நேரம் கழித்துத் திரும்பி வந்தார். இரண்டாவது காகிதத்தை முதல் காகிதத்தின் பக்கத்தில் வைத்தார். எல்லாம் நார்மல்.

"உன்னை ஒரு வார்த்தை கேட்டிருக்கணும்," என்றார் டெக்னீஷியனிடம். "ஆறு வருஷம் பார்த்தவளை விட்டுட்டு மெஷினை நம்பிட்டேன். உன் முகத்துல எப்படி முழிப்பேன்..."

"அதை அப்புறம் பேசலாம் மேடம்," என்றாள் அவள். "நான் பத்து நாள் காத்திருந்தாச்சு. வாத்தியார் நாளைக்குக் காலைல மாத்திரை போடப் போறார். மொதல்ல அவருக்குப் போன் பண்ணுங்க. நாளைக்கு எட்டு மணிக்கு நான் வந்துடறேன். ஆனா அந்த ஃபாரத்துல மருந்துங்கற கேள்விக்குக் கீழ இன்னொரு வரி சேர்த்தாத்தான் வருவேன். முடிக்கு, நகத்துக்கு, தோலுக்குன்னு எதையாவது விழுங்கறீங்களான்னு."

"பக்கத்துல டிக் அடிக்கப் பெட்டி போடாதீங்க," என்றான் வாலு. "ஆமான்னு மட்டும் அச்சடிச்சுடுங்க."

ஓனரம்மா தன் போனை எடுத்து வாத்தியார் எண்ணைப் போட்டு, கணவர் முன்னால் நீட்டினார். "சலூனுக்குக் கொடுத்தது நீங்க. நீங்களே சொல்லுங்க."

கணவர் தலையிலிருந்து ஒரு கையை எடுத்துப் போனை வாங்கினார். ஸ்பீக்கரில் வாத்தியார் குரல் வந்தது. கணவர் திக்கித் திணறி எல்லாவற்றையும் சொன்னார். டெக்னீஷியன் குறுக்கே வந்து, பயோட்டினை இன்றே நிறுத்திவிட்டு, டாக்டரிடமும் சொல்லிவிட்டு, சில நாள் கழித்து வந்து மறுபடி ரத்தம் கொடுக்கச் சொன்னாள். அதுவரை புது மாத்திரையை ஆரம்பிக்கலாமா என்று டாக்டரைக் கேட்காமல் தொடவேண்டாம் என்றாள்.

மறுமுனையில் வாத்தியார் நாற்காலியைத் தள்ளிவிட்டு எழும் சத்தம்.

"அப்ப எனக்கு நோய் இல்லையா?"

"இல்லாம இருக்கத்தான் நிறைய வாய்ப்பு சார்," என்றாள் டெக்னீஷியன்.

"எதிர்த்த லேப்புல இப்பவே பார்த்துக்கலாமா?"

ஓனரம்மா கண்ணை மூடித் திறந்தார். "பார்த்துக்கலாம் சார். நானே கூட்டிட்டுப் போறேன்."

வாத்தியார் தொண்டையைச் செருமினார். குரல் இன்னும் கொஞ்சம் இறங்கியது.

"இன்னும் ஒரே ஒரு சந்தேகம். அந்த வைட்டமினை நிறுத்திட்டா... முடி?"

யாரும் பதில் சொல்வதற்குள் அந்தப் பக்கம் போன் கைமாறும் சத்தம் கேட்டது. வாத்தியாரின் மனைவி. ஒரே சமயத்தில் அழுதுகொண்டும் சிரித்துக்கொண்டும் இருந்தார்.

"அவர் கிடக்கறார் விடுங்க. முடி இருந்தா என்ன, போனா என்ன? தலை இருக்குல்ல, அது போதும் எனக்கு."